கடல் தெரியாமல் ஒரு வேலி

எங்கள் ஊரில் புல்லைப் பிடுங்கத்தான் கூலிக்கு ஆள் பிடிப்பார்கள். புல் பதித்து, மரம் நட்டு, தோட்டம் அமைத்துத் தருகிறேன் என்று நான் வாசலில் பலகை மாட்டியபோது சாய்ந்தமருது ஊரே சிரித்தது. "மாட்டுக்குப் போடவா புள்ள?" என்று ரோட்டில் போகிறவர்கள்கூடக் கேட்டார்கள். என் கணவர் மட்டும் வெளியே நின்று சிரிக்கவில்லை, உள்ளே வந்து சிரித்தார். அவருடைய குட்டி டிராக்டர் லேண்ட்மாஸ்டரில்தான் மண் ஏற்ற வேண்டும் என்பதால் பொறுத்துக்கொண்டேன். பிறகு கட்டாரிலிருந்து வந்தவர்கள் வீட்டு முன்பக்கம் பச்சையாக இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். சிரித்தவர்களின் வாசலிலும் நான்தான் புல் பதித்தேன்.

முதல் பெரிய வேலை ஒலுவில் என்ற கடற்கரை ஊரில் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் அவளுடைய வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பா கட்டிக் கொடுக்க வேண்டும். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். என்னை வேலைக்குக் கூப்பிட்டவர், நான் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று அழைத்தவர், தன் ஒரே மகளுக்காகக் கடற்கரைக் காணியில் கல் கல்லாகச் சேர்த்து வீடு கட்டியிருந்தார். மாப்பிள்ளை சம்மாந்துறைப் பக்கம், வயல்காரக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து வீட்டைப் பார்த்துப் பிடித்தால் நாள் குறிப்பார்கள். அதற்குள் தோட்டம் முடிய வேண்டும்.

முன்பக்கத்தை அளந்துவிட்டுப் பின்பக்கம் போனேன். கடல்பக்கத்து மதில் மணலில் குப்புற விழுந்து கிடந்தது. அதற்கு அப்பால் இருந்த தென்னைகளைக் காணவில்லை. பக்கத்துக் காணியின் கிணறு கடலுக்குள் நின்றது. சுற்றியிருந்த நிலமெல்லாம் கரைந்து போய், கட்டிய வளையங்கள் மட்டும் தூண் மாதிரி அலைக்குள் தனியே நின்றன. கடலைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கே பயம் பிடித்தது.

காக்கா என் பின்னால் வந்து நின்றார்.

"இந்தப் பக்கம் புல் வேணாம் தங்கச்சி. மரம் வைங்க, நெருக்கமா. ஊட்டுக்குள்ள நிண்டு பாத்தா கடல் தெரியப்படா."

"மரம் வச்சா கடல் நிக்குமா காக்கா?"

"கடல நிப்பாட்டச் சொல்லல்ல. அவங்கட கண்ணுல படாம இரிந்தாப் போதும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆசைக்குத் தோட்டம் போட வந்தவளை ஊரை ஏய்க்கக் கூப்பிட்டிருக்கிறார் என்று தோன்றியது. திரும்பி வந்துவிடத்தான் நினைத்தேன். அப்போது மகள் ஜன்னலுக்குள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சம்பந்தம் தவறினால் இந்த வீட்டை நம்பி இன்னொன்று வராது. காணியை விற்கலாம் என்றால் எவன் வாங்குவான்? நான் ஓம் என்று தலையாட்டினேன்.

நெட்டிலிங்க மரங்களை, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தவையாகப் பார்த்து, வேர்மண்ணோடு கொண்டுவந்தோம். எதற்கும் பகிடி விடுகிற என் கணவர் அந்தக் கரையில் பகிடியை மறந்து, லேண்ட்மாஸ்டரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு மண்ணைத் தோளில் சுமந்தார். பாரம் ஏறினால் நிலம் இறங்கிவிடுமோ என்று அவருக்குப் பயம். வாடைக்காற்றுக் காலம் என்பதால் அலை ஓயவில்லை. காலையில் போகும்போதெல்லாம், முதல் நாள் நான் நின்ற இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். சில நாட்களில் அது இருக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வேன் நிறைய வந்தார்கள். புல்லைத் தடவிப் பார்த்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். பின்பக்கத்து மரவரிசையைக் கண்டு, "என்ன குளிர்ச்சி" என்றார்கள். கடல் பார்க்கப் போவோமா என்று யாரோ கேட்டதற்கு, காற்றில் உப்பு அடிக்கிறது, தடிமன் பிடிக்கும் என்று காக்கா தடுத்துவிட்டார். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மரங்களுக்கு அப்பால் பெரிதாக ஏதோ சரிந்தது. காலடியில் நிலம் அதிர்ந்தது.

"என்ன சத்தம் அது?" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டார்.

"பக்கத்துல ஊட்டு வேல நடக்குது. மண் தோண்டுற பெக்கோ ஓடுறான்" என்றார் காக்கா. சொல்லிக்கொண்டே மரங்களுக்கு முன்னால் போய் நின்றார். அந்த அம்மா நம்பவில்லையோ என்று எனக்கு உயிர் போனது. அவரோ வட்டிலப்பத்தில் இன்னொரு துண்டு கேட்டார்.

அன்றைக்கே நாள் குறித்தார்கள். வேன் போனபிறகு காக்கா புல்லில் அப்படியே உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் மண்வெட்டிகளை எடுக்கப் போனேன். மகள் வெளியே வந்தாள். அதுவரை அவள் என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

"சாச்சி, என்ட அறை ஜன்னலுக்கு நேர மரத்துக்கு இடையால கடல் தெரியுது. அதுலயும் ஒரு மரம் வைங்க."

"அவங்கதான் பாத்துட்டுப் போயிட்டாங்களே மகள். இனி ஆருக்கு மறைக்க?"

"எனக்கு" என்றாள்.

மிஞ்சிய மரம் ஒன்று நிழலில் கிடந்தது. ஜன்னலுக்கு நேரே குழி வெட்டினேன். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, அடியில் தண்ணீர் ஊறியது. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"உப்பா சாச்சி?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம் மகள். உப்புல மரம் பிடிக்காது" என்றேன்.

அவள் குனிந்து, வெட்டிப் போட்ட மண்ணைக் குழியோரம் ஒதுக்கினாள்.

"வாப்பாக்கு வேற காணி இல்ல. நீங்க வைங்க."

அவளே மரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். நான் மண்ணைத் தள்ளினேன்.