குதிகாலைப் பார்த்து நடந்த பௌர்ணமி

எங்கள் மாடியில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். காலையில் நான் துணி உலர்த்தப் போகும்போது, இருவரும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை. திருவண்ணாமலையில் கண்ணை மூடித் தியானம் செய்கிறவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கண்ணைத் திறந்துகொண்டு, அதுவும் கட்டிய பெண்டாட்டியைப் பார்த்துச் செய்கிறவரை அப்போதுதான் பார்த்தேன். அப்படி என்னதான் தெரிகிறது என்று ஈரப் புடவையும் கையுமாக நின்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன். "அவர் சொல்லாதது எல்லாம் தெரியும்" என்றாள், அரைகுறைத் தமிழில்.

எனக்கு வேண்டியிருந்தது அதுதான். வேங்கிக்காலில் அரசாங்க வேலையில் இருந்த என் கணவருக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் வந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "நீ இங்கயே இரு, நான் வாராவாரம் வந்துடறேன்" என்று பேச்சை முடித்துவிட்டார். மகள் விடுதிக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். கீழ்பென்னாத்தூர் அரசுப் பள்ளியில் எனக்கிருந்த வேலையை நினைத்துச் சொன்னாரா, இல்லை தனியாக இருந்தால் நிம்மதி என்று சொன்னாரா? வாய்விட்டுக் கேட்க ரோஷம். 'நிம்மதிதான்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை எதிரே உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "என்னா, என் கண்ணுல ஏதாச்சும் விழுந்துருக்குதா?" என்றார். அடுத்த ஞாயிறு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். மனசைப் படிக்கலாம் என்று இருந்தவளுக்குக் குறட்டைதான் கிடைத்தது.

மாடிப் பெண் இன்னொரு வழி சொன்னாள். ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். மற்றவர் அவருடைய குதிகாலை மட்டும் பார்த்து, அதே வேகத்தில் அடி வைத்து, மூச்சையும் அதோடு ஒத்துவிட வேண்டும். இருவருமே வாய் திறக்கக்கூடாது. இதைச் சொன்னதும் என் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இது நம்ம மலை சுத்தறதுதானே, வரேன்" என்றார்.

பௌர்ணமியன்று வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். மலை சுற்றும்போது யாரும் செருப்பு போடுவதில்லை. முன்னால் வெள்ளை வேட்டி, அதன் கீழே இரண்டு குதிகால். இத்தனை வருஷத்தில் அவர் குதிகாலில் இத்தனை வெடிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நிருதி லிங்கத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டு, விபூதி பூசிக்கொண்டு, மறுபடி குதிகாலைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் எல்லாம் கூடி வந்தது. அவர் வலது காலுக்கு என் வலது கால், மூச்சும் தானாகச் சேர்ந்துகொண்டது. இந்த மனுஷன் என்னை விட்டுப் போக நினைக்கவில்லை என்று உள்ளே ஏதோ சொன்னது. கண்ணில் நீர் முட்டியது.

அடி அண்ணாமலையில் குதிகால்கள் ஒரு கடையில் நின்றன. "ரெண்டு சுக்கு காபி, சக்கர கம்மியா" என்று குரல் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேசக்கூடாதுனு சொன்னா கேக்கவே மாட்டீங்களா?" என்று முதுகில் ஒரு இடி வைத்தேன்.

திரும்பியவர் பெரிய மீசை வைத்த வேறு ஆள். பக்கத்தில் நின்ற அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த அம்மாவிடம் நான் என்னவென்று சொல்வது? மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பதறித் திரும்பினால், எனக்குப் பின்னாலேயே என் கணவர், சிரிப்பை அடக்கியபடி நிற்கிறார். நிருதி லிங்கத்தில் காலில் குத்திய முள்ளை எடுக்க ஓரமாக உட்கார்ந்தாராம். நிமிர்ந்தால் நான் வேறொருவர் பின்னால் போய்க்கொண்டிருந்தேனாம்.

"அங்கேர்ந்தே கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"பேசக்கூடாதுனு நீதானே சொன்ன."

"தோளத் தொட்டிருக்கலாமே."

"தொடலாம்னுதான் கிட்ட வந்தேன்." சிரிப்பு போய்விட்டது. "எப்பவும் நான்தானே முன்னாடி நடப்பேன். இன்னிக்குத்தான் உன் பின்னாடி வந்தேன். வலது கால இழுத்து இழுத்து வைக்கற. எப்பலேர்ந்து?"

ரெண்டு வருஷம் இருக்கும், பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருவதில் வந்தது என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"இந்தக் கால வெச்சிக்கிட்டு நீ இங்க தனியா இருக்க வேணாம். நீயும் அங்க மாத்தல் கேளு. வேலய விட்டு நீ வரமாட்டியோனு நெனச்சுதான் நான் கேக்கல."

"நீங்க கூப்பிடவே இல்லையே."

"இப்பக் கூப்பிடறேன். வர்றியா?"

வரேன் என்றேன். மீதித் தூரத்துக்கு என்னையே முன்னால் நடக்கச் சொன்னார். நடந்தேன். கால் வலித்தது, மறைக்காமல் இழுத்தே வைத்தேன்.