எங்கள் வட்டத்துக்கு விழுந்த சீட்டு

உகாண்டாவில் தெருவில் சும்மா நடந்துபோனாலும் எதிரில் வருகிறவர் 'வெல்டன்' என்பார். எதைச் சாதித்துவிட்டோம் என்று வந்த புதிதில் குழம்பினேன். அது நலம் விசாரிப்பதுதானாம். ஆம்பூர்க்காரர்கள் சிலர் இங்கே தோல் பதனிடும் டேனரிகளில் டெக்னீஷியன்களாக இருக்கிறோம். ஊரில் பதினாறு வருஷம் நான் நின்ற அதே மாதிரி தோலைச் சுழற்றும் டிரம், அதே தோல் வாடை. கேட்டைத் தாண்டி வெளியே வந்தால்தான் ஊர் வேறு என்று உறைக்கும்.

போன மழைக்காலத்தில் டிரம் ஓட்டும் மோசஸ் காய்ச்சலில் சரிந்து விழுந்தார். மலேரியா என்று நினைத்து, நானும் அவர் மனைவி நகாட்டோவும் கம்பெனி வேனில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் என் சட்டையெல்லாம் வாந்தி. மூன்றாம் நாள் இறந்துபோனார். எபோலாவில் ஒரு வகை என்றார்கள். அதற்கான தடுப்பூசி இன்னும் சோதனையில்தான் இருந்தது.

கிரேஸ் என்ற நர்ஸ் வந்து விளக்கினார். ஒரு நோயாளியைத் தொட்டவர்கள் எல்லாம் ஒரு வட்டம். சில வட்டங்களுக்கு ஊசி உடனே. சிலவற்றுக்கு இருபத்தொரு நாள் கழித்து. அப்படி ஒப்பிட்டால்தான் ஊசி காக்கிறதா என்று தெரியுமாம். குலுக்கலில் எங்கள் வட்டத்துக்கு விழுந்தது இரண்டாவது. "சாரி" என்றார். "ஏன், தப்பு உங்களுடையதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் விழித்தார். அடுத்தவர் கல் தடுக்கி விழுந்தாலும் இங்கே சாரிதான் சொல்வார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. சோதனையில் சேரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

"ஊசி போட்டாங்களா இல்லியா?" ஆம்பூரிலிருந்து என் மனைவி செல்வி போனில் கேட்டாள்.

"இன்னும் மூணு வாரம் ஆவும்."

"இன்னாங்க இது? பேசாம கெளம்பி வந்துடுங்க."

"வுட மாட்டாங்க. வந்தாலும், பாப்பாவ என் பக்கத்துல வுடுவியா?"

செல்வி போனை எங்கள் மகளிடம் கொடுத்துவிட்டாள்.

எங்கள் வட்டத்தைத் தனித்தனி அறைகளில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் கிரேஸ் வாசலில் நின்றபடி காய்ச்சல் பார்ப்பார். ஒன்பதாம் நாள் பக்கத்து அறையில் நகாட்டோவுக்கு உடம்பு சுட்டது. ஆம்புலன்ஸில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையசைத்தாள். திரும்பி வரவில்லை. முதல் நாளே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கிரேஸிடம் கேட்டேன். "அது தெரியாமல்தானே இவ்வளவும்" என்றார். அவர் கண்களும் தூங்கிப் பல நாள் ஆனவைதான். கோபப்பட எனக்கும் தெம்பில்லை. கெடு முடிந்ததும் சட்டைக் கையை மடித்து ஊசி போட்டுக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து லீவில் வந்தேன். ஆம்பூர் ஸ்டேஷனில் பாப்பா ஓடி வந்தாள். என் கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போயின.

"அதான் எல்லாம் சரியாப் போச்சே, தூக்குங்க" என்றாள் செல்வி.

பாப்பா காத்திருக்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்னால் போய் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஊர் வந்துவிட்டன. நான் வந்துசேர இன்னும் நாள் பிடிக்கும். அதற்குள் லீவு முடிந்துவிடும்.