வலமாகச் சுற்றும் கொடி

ஜப்பானின் கனாசாவா ஊரில் ஒரே அச்சுப் பட்டறையில் பதினெட்டு வருஷம் நானும் கியோமியும் எதிரெதிரே உட்கார்ந்து மரப்பலகை செதுக்கினோம். என் சோற்றுப் பெட்டியிலிருந்து பிளம் ஊறுகாயைக் கேட்காமலே எடுத்துத் தின்பாள். இப்போது அவள் மேசையில் வேறு யாரோ. எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை, அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவளுடைய அப்பா வளர்த்த ஃபுஜிக் கொடி, வாசல் பந்தலில் ஊதாச் சரமாகப் பூத்துத் தொங்கும். அப்பா போனதும் தம்பி குனிஹிரோ வீட்டை விற்றுவிட்டான். வாங்கியவர்கள் கொடியை வெட்டிவிட்டுக் கார் நிறுத்தினார்கள். மூன்று வருஷமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை.

"திட்டினது நான்தானே. எந்த முகத்தோட நான் முதல்ல பேசறது? அந்தக் கொடியைக் காட்டிடறேன், அவனே பேசட்டும்," என்றாள்.

கொடியை ஒரு பலகையில் செதுக்கி, அதையே ஒரே தாளில் அடுத்தடுத்துப் பதினாறு முறை பதித்துப் பந்தலாக்கினாள். வசந்தக் கண்காட்சிக்கு வரச் சொல்லித் தம்பிக்கு அட்டையும் போட்டுவிட்டாள்.

அச்சில் இடவலம் மாறும் என்பதால் வரைந்த தாளைக் கவிழ்த்துத்தான் பலகையில் ஒட்டுவோம். ஆனைக்கும் அடி சறுக்கும். அவள் நிமிர்த்தி ஒட்டியிருந்தாள். பதித்து முடித்து எட்ட நின்று பார்த்தபோதுதான் கொடி இடமாகச் சுற்றுவது தெரிந்தது. வீட்டு ஃபுஜி வலமாகச் சுற்றும். இடமாகச் சுற்றுவது மலையில் வளரும் ஃபுஜி வகை.

"தலைப்பை 'மலைக்கொடி'ன்னு மாத்திடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"குனிக்குத் தெரியும். பந்தல்ல கொடியைச் சுத்திவிடறது அவன் வேலை."

"அப்ப புதுசா செதுக்கு."

"நாளைக்குக் கண்காட்சி. வந்து நீ செதுக்கறியா?"

கோபத்தில் தாளைக் கவிழ்த்துப் போட்டாள். மெல்லிய தாள், தேய்த்த அழுத்தத்தில் சாயம் பின்பக்கம்வரை இறங்கியிருந்தது. மங்கிய ஊதாவில் பதினாறு கொடியும் வலமாகச் சுற்றின.

"இப்படியே மாட்டிடறேன்டி," என்றாள்.

குனிஹிரோ வந்தான். விரலால் கொடியின் போக்கை அடியிலிருந்து காற்றில் சுற்றிக்கொண்டே போனான். பாதியில் கை நின்றது.

"இங்கதான நான் கயிறு கட்டுவேன், அக்கா?"

"தப்பாக் கட்டுவ. அப்பா அவிழ்த்துக் கட்டுவார்."

தேநீர் வாங்குகிற சாக்கில் வெளியே போய் நான்தான் அழுதேன். அடுத்த வருஷமே அவள் தம்பி ஊருக்குக் குடிபோனாள். நல்லதுதான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.