தோற்கச் சொல்லி ஒரு நேர்த்தி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மொன்றியலில் முதல் பனி விழுந்து தெருவெல்லாம் வழுக்கத் தொடங்கியிருந்த ஒரு வேலைநாளில் நடந்தது இது. நான் அந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் காசு வாங்கிப் போடுகிற வேலை. முருங்கைக்காய், இடியப்ப மா, சாம்பிராணியோடு லொத்தர் சீட்டும் அங்கே விற்போம். என் கையால் வாங்கிய, சுரண்டிப் பார்க்கிற சீட்டில் பஸ் ஓட்டுகிற ஒருவருக்கு நல்ல தொகை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து என் கைக்கு ஒரு பேர் வந்துவிட்டது.

கைராசிக்காரி! கடைக்கு வருகிறவர்கள் மற்ற ஆளிடம் வரிசையே இல்லாவிட்டாலும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். எனக்கும் தலைகால் தெரியவில்லை. “உன்ர கையை இன்சூரன்ஸ் செய்து வைக்கவேணும். ஆனா அந்தக் கையால வைக்கிற சாம்பாருக்கு மட்டும் ஏன் ராசி இல்லை?” என்று வீட்டுக்காரர் நக்கலடிப்பார். அவருக்கு அன்று சாப்பாடு பிந்தித்தான் கிடைக்கும்.

எங்களுடையது மூன்று தட்டுக் கட்டடம். கீழ் வீட்டில் நாங்கள். உச்சி மாடியில், எங்களுக்கு முன்பே குடிவந்த ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி. நான் அவர்களை அண்ணை, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணை இந்த நகரத்து ரெஸ்டோரன்ட் குசினிகளில் ஆயுள் முழுக்க நின்று சமைத்து ஓய்வெடுத்தவர். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். காலையில் கொண்டுபோய் விட்டால் மத்தியானம் தாண்டித்தான் முடியும். அந்த இடைவெளியில் அண்ணை காசினோவுக்குப் போகிறார் என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்த இரகசியம்.

அந்த வருடம் சித்திரைப் புதுவருடத்தன்று அண்ணை எங்கள் கதவைத் தட்டினார். வேட்டி கட்டி, திருநீறு பூசி, கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, உன்ர கையால எனக்கொரு கைவியளம் தா.”

புதுவருடத்தில் பெரியவர்கள் வெற்றிலையில் காசு வைத்து இளையவர்களுக்குக் கொடுப்பதுதான் கைவிசேஷம். வருடம் முழுக்கக் காசு பெருகட்டும் என்று வாழ்த்திக் கொடுப்பது. எங்கள் பேச்சில் கைவியளம்.

“என்ன அண்ணை, தலைகீழாக் கேக்கிறியள்? நீங்களெல்லோ எனக்குத் தரவேணும்.”

“அது ஊர் வழக்கம். இது கனடா” என்றார்.

சிரித்துக்கொண்டே வெற்றிலையில் ஒரு நாணயத்தை வைத்துக் கொடுத்தேன். அந்தக் கிழமையே அவர் வென்றுவிட்டார். சந்தைக்குப் போய் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிவந்து என் வாசலில் வைத்தார். பழம் தேன். தின்னும்போது பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைப்பேன்?

அதன் பிறகு வெல்வதும் தோற்பதுமாக மாதங்கள் போயின. பனி தொடங்கியதும் ஒருநாள் கடைக்கே வந்து, “காசு மட்டும் காணாது பிள்ளை. நீ ஒருக்கா காசினோவுக்கு நேர வந்து மெஷின் பொத்தானை அமத்தவேணும். அக்காவைப் பின்னேரம் கூட்டிவர முந்தித் திரும்பிடலாம்” என்றார். எனக்கும் அந்த இடத்தைப் பார்க்கிற ஆசை கொஞ்சம் இருந்தது. எனக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்துச் சரி என்றேன்.

அக்காவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து என்னை ஏற்றினார். பாலத்தைக் கடக்கும்போது நான் கேட்காமலே சொன்னார்.

“நான் ஆசைக்கு விளையாடுறன் எண்டு நினையாதை. ஊசி போட்டு, இரத்தம் எடுத்து, களைச்சு வாற மனுசி அந்தப் படியை ஏறேக்க எனக்கு நெஞ்சு அடைக்குது. தரையோட ஒரு வீடு எடுக்கவேணும். என்ர பென்ஷனில இந்தக் காலத்தில எங்க எடுக்கிறது? ஒரே ஒருக்கா பெரிசா விழட்டும், நான் அந்தப் பக்கமே பிறகு வரமாட்டன்.”

கேட்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கைக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

காசினோ வாசலில் குளிர் கோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒரே வெளிச்சம், ஒரே பாட்டு. ஆனால் எனக்குப் பட்ட முதல் விஷயம், அங்கே யாருடைய முகத்திலும் சிரிப்பே இல்லை. அண்ணையைப் போன்ற வயதானவர்கள்தான் நிறைய. ஒருவரை ஒருவர் பார்ப்பதும் இல்லை. எல்லாரும் ஏதோ வேலைக்கு வந்தவர்கள் மாதிரி மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். அண்ணைக்கு மட்டும் அங்கே நின்ற பணியாளர்கள் சிரித்து “போன்ஜூர்” சொன்னார்கள். பழைய பனிப் பூட்ஸ் மாட்டி வந்த மனுசன், அங்கே ஒரு முதலாளி போல நடந்தார்.

நான் பொத்தானை அமத்தினேன். கொஞ்சக் காசு போனது, கொஞ்சம் வந்தது. பிறகு திடீரென்று மெஷின் பாடத் தொடங்கியது. விளக்கெல்லாம் சுழல்கிறது, இலக்கம் ஏறிக்கொண்டே போகிறது. என் பல மாதச் சம்பளம்! பக்கத்தில் இருந்த பெண் கை தட்டினாள். நான் என்னை மறந்து அண்ணையின் தோளில் அடித்துவிட்டேன்.

“போதும் அண்ணை, எழும்புங்கோ. அக்காவை ஏத்துற நேரமாச்சு.”

“விசரே உனக்கு? கை ஓடேக்க எழும்பினா லச்சுமியைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளின மாதிரி. இன்னும் அஞ்சு நிமிசம்.”

அந்த அஞ்சு நிமிடம் முடியவே இல்லை. நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னை அழைத்துவந்த மனுசன் அல்ல அங்கே இருந்தது. அந்த நேரத்தில்தான் என் கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. அக்கா.

“பிள்ளை, இவர் வீட்டில நிக்கிறாரோ? ஃபோன் எடுக்கிறாரில்லை. ரோட்டெல்லாம் ஐஸ் எண்டு நேர்ஸ் பிள்ளை சொல்லுறா. எங்கையும் காரைக் கொண்டுபோய் அடிச்சுப்போட்டாரோ எண்டு பயமாக் கிடக்கு.”

அவருடைய ஃபோன் வாசலில் கொடுத்த கோட்டுப் பைக்குள் கிடந்தது. என்ன பொய் சொல்லலாம் என்று தேடினேன். ஆனால் அந்த மெஷின் பாட்டு என் வாயை முந்திக்கொண்டது. அது அக்காவுக்கும் கேட்டுவிட்டது.

“அங்கையோ நிக்கிறியள்? அவர் வெல்லுறாரோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப இப்ப வரமாட்டார்” என்றார். கோபமே இல்லாத குரல். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஃபோனை அண்ணையின் காதில் வைத்தேன். “இந்தா வாறன், இந்தா வாறன்” என்றவர் கண்ணை மெஷினிலிருந்து எடுக்கவில்லை. நான் கோட்டை வாங்கிக்கொண்டு டாக்சி பிடித்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தொப்பி, சால்வை எல்லாம் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டும் யாரும் கூட்டிப்போக வராத பிள்ளை மாதிரி அக்கா உட்கார்ந்திருந்தார். டாக்சிக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், விடவில்லை.

“நீ குடுத்த கைவியளமும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் நான் விளக்கேத்தி அம்மாளாச்சியிட்டக் கேக்கிறது ஒண்டுதான். இவர் தோத்துப்போகவேணும். தோத்தா மனுசன் வெள்ளன வந்து எனக்குப் பக்கத்தில இருப்பார், தலையைத் தடவி விடுவார். வெண்டா என்னை மறந்துபோவார். என்ர நேர்த்தி ஒரு பக்கம், உன்ர கை ஒரு பக்கம். அம்மாளாச்சியும் பாவம், ஆற்ர பேச்சைக் கேப்பா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்தக் கையை இழுத்து எங்கேயாவது ஒளித்துவைக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து, அவருக்குப் பின்னால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு படி ஏறினேன். இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்காவோடு நான் படி ஏறியது அன்றைக்குத்தான். இரும்புப் படி, வளைந்து வளைந்து போகும். நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பனி பட்ட படியில், மூச்சு வாங்க, கண்ணை மூடிக்கொண்டு. கீழே என் வீட்டுக் கதவு தெரிந்தது. வாசலில் ஒரே ஒரு படி. நானும் வீட்டுக்காரரும் துள்ளி ஏறி இறங்குகிற ஆட்கள். எங்களுக்கு எதற்குத் தரையோடு வீடு?

இது ஏன் எனக்கு அதுவரை தோன்றவில்லை என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

இருட்டுகிற நேரம் அண்ணை வந்தார். வென்றதும் போய், கொண்டுபோனதும் போய்விட்டது. மேலே ஏற முகமில்லாமல் என் வாசலில் நின்றார். நான் பொரிந்து தள்ளிவிட்டேன். அக்கா கும்பிடுவதையும் சொல்லிவிட்டேன். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கவே இல்லை.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நான் வெல்லவேணும் எண்டுதான் அவ விளக்கேத்துறா எண்டு நினைச்சிருந்தன் பிள்ளை” என்றார். அடுப்பு வெக்கையில் அத்தனை வருடம் நின்ற மனுசன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

“அண்ணை, எங்கட வீட்டை எடுங்கோ. நாங்கள் மேல போறம்” என்றேன். வீட்டுக்காரரைக் கேட்காமலே சொன்னதுதான். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் வெளியே வந்து, “என்ர முழங்காலை ஒருத்தரும் கேக்கமாட்டினம்” என்றார். பிறகு அண்ணையின் தோளில் கை போட்டு, “இதை எங்களிட்டக் கேக்கிறதுக்கு என்ன அண்ணை?” என்றார்.

“வாய் வரேல்லை தம்பி. ஆரிட்டயும் போய்க் கேட்டுப் பழக்கமில்லை.”

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். கட்டடச் சொந்தக்காரர் ஒரு கிரேக்கக் கிழவர், வாடகை ஒழுங்காக வந்தால் யார் எங்கே இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். பனி கரைந்ததும் தெருப் பொடியன்கள் கூடி, கட்டில் மேசையெல்லாம் மேலும் கீழுமாக மாற்றினார்கள். அக்கா எங்கள் பழைய குசினியில் பால் பொங்கினார்.

அதோடு அண்ணை காசினோப் பக்கம் போகவே இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். வீடு மாறிய பிறகும் போனார், தோற்றுவிட்டு வந்தார். பிறகு ஒருநாள் தானாகவே அங்கே போய், என்னை இனி உள்ளே விடாதேங்கோ என்று சொல்லிப் பதிந்துவிட்டு வந்தார். அப்படி ஒரு வழி இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். இப்போது ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, பத்திரிகையை உரத்து வாசித்துத் தாதிமாரிடம் பேச்சு வாங்குகிறார்.

நான் லொத்தர் பக்கத்தை விட்டு, கடையில் மரக்கறிப் பக்கம் மாறிவிட்டேன். காசினோவில் உண்மையில் யாராவது வெல்கிறார்களா என்று சிலர் இன்னும் என்னைக் கேட்பதுண்டு. வெல்கிறார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்பேன். வெல்கிற அந்த நேரத்தில் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்தேன் என்பேன். ஆனால் மேலே ஏறும் ஒவ்வொரு நாளும் எனக்குள் ஓடுவது வேறொன்று: முகம் தெரியாத ஒரு மெஷினிடம் வருடக்கணக்காகக் கேட்க முடிந்த அந்த மனுசருக்கு, கீழ் வீட்டுக் கதவைத் தட்டி எங்களிடம் கேட்க வாய் வராதபடி நாங்கள் எப்படி வாழ்ந்திருக்கிறோம் என்பதுதான்.