வாசலுக்கு வந்த சாண எரிவாயு அடுப்பு

விக்கிரமங்கலம் தாண்டி இரண்டாவது மைலில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. மணி பன்னிரண்டே கால். குடிக்கத் தண்ணீர் கேட்டு, சாலையோரத்து வீடு ஒன்றுக்குப் போகிறேன். வாசலில் ஒரு ஜீப். சாண எரிவாயுக் கலன் கட்டினால் அரசு மானியம் தருகிறது; அடுப்பு எரிகிறதா என்று சோதிக்க அதிகாரி வந்திருக்கிறார்.

செம்பை நீட்டும் வீட்டுக்கார அம்மாள் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: “இவரு கையெழுத்துப் போடலேன்னா எருமைய வித்துதான் கொத்தனாருக்குக் கூலி குடுக்கணும். எருமை போயிட்டா சாணிக்கு எங்கங்க போறது?”

“உள்ள ஒரே இருட்டு, ஒண்ணும் தெரியாது. அடுப்ப வெளிய கொண்டாம்மா” என்கிறார் அதிகாரி.

ரப்பர் குழாய் வாசல்வரை எட்டுகிறது. அம்மாள் அடுப்பை வெயிலில் வைத்துத் திருகைத் திறந்து, தீக்குச்சியைக் காட்டுகிறார். உச்சி வெயிலில் நீலத் தீ அதிகாரியின் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

“எங்கம்மா எரியுது?”

“எரியுதுங்க சார்.”

“வெறும் அடுப்பக் காட்டியே மானியம் வாங்கிடலாம்னு பாக்குறியா?”

“நம்பிக்கை இல்லேன்னா தொட்டுப் பாருங்க.”

அவர் சிரித்துக்கொண்டே விரலை நீட்டுகிறார். “ஐயோ!” என்று உடனே இழுத்துக்கொள்கிறார். அம்மாள் என் கையிலிருந்த செம்பை வாங்கி, அவர் விரலை அதில் முக்கச் சொல்கிறார்.

பிறகு அவர் ஜீப்பின் முன்பக்க மூடிமேல் படிவத்தை விரிக்கிறார். ‘தீ எரிவது நேரில் பார்க்கப்பட்டதா?’ என்ற வரிக்கு எதிரே, விரலை ஊதி ஊதி, ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்.