ஐம்பத்தாறு காட்டிய இரைச்சல்

தபலாவின் தோல் கிழிந்த அன்றே நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், சுருதி இன்னும் ஏறக்கூடிய சின்ன வாய்த் தபலா கிடைக்குமா என்று பொள்ளாச்சிக்குப் போன் போட்டேன். முப்பது வருஷம் ரெக்கார்டிங் இன்ஜினியர் என்று கோவையில் பெயர் எடுத்தவனின் லட்சணம் அது.

1. வால்வு மைக்

ஒரு பம்ப் கம்பெனியின் பழைய விளம்பரப் பாட்டு, ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகைகளில் ஓடியது. கம்பெனி விழாவுக்கு அதை அச்சு அசலாகத் திரும்பச் செய்து தரச் சொல்லி முதலாளியின் மகன் ரமேஷ் வந்தார். மாஸ்டர் டேப் தொலைந்துவிட்டது. யாரோ எடுத்து வைத்த ஒரு கேசட் காப்பிதான் மிச்சம்.

ரமேஷ் ஒலிப்பதிவு முழுவதையும் செல்போனில் படித்தவர். பழைய வால்வு மைக் இல்லாமல் அந்த இதம் வராது என்று அடம்பிடித்து, சென்னையிலிருந்து ஒன்றை வரவழைத்தார். குழந்தையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பம்ப்பில் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டால் அவருக்குத் தெரியுமோ என்னவோ.

நான் மட்டும் என்ன? கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் முதல் வேலையாக அதிலிருந்த கரண்ட் இரைச்சலைத் துடைத்துப் போட்டேன். பிறகு காதை வைத்து வாத்தியங்களைத் தேர்ந்தெடுத்தேன். கணீரென்று கேட்ட தந்தி வாத்தியத்தை மேண்டலின் என்றேன். சுருதி ஆறு கட்டை என்றேன். தபலாக்காரர் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றினார், தோல் போயிற்று.

2. சரசக்கா

அன்று அந்தப் பாட்டைப் பாடியவர் கிணத்துக்கடவு சரசக்கா. திரும்பவும் பாட அழைத்திருந்தோம். பஸ் ஏறி வந்தார். ஆறு கட்டையில் சரணத்தின் மேல் வரியை எட்ட முடியவில்லை. நான்கு முறை முயன்றார். நான்காவது முறை குரல் உடைந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ரமேஷ் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "அக்காவுக்கு ஒரு சால்வை போட்டு அனுப்பிச்சரலாமுங்க. பாடறதுக்கு வேற புள்ளையப் பாருங்க" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சரசக்கா தன் பழைய குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்றார். போட்டேன்.

"ஏனுங்க, இது என்ற கொரலே இல்லீங்க. இத்தன கீச்சுனு நான் என்னைக்கும் பாடுனதில்லீங்க."

"வயசாச்சுங்கக்கா, அப்படித்தான் தோணும்" என்றேன். எத்தனை பெரிய மேதாவி நான்.

அவர் கோபப்படவில்லை. அந்தக் காலத்தில் பாட்டைப் பதிந்த அன்று ஸ்டூடியோவில் ஓயாமல் ஓர் இரைச்சல் இருந்தது, ஆளாளுக்கு அதைத் திட்டினார்கள், அது எங்கே என்று மட்டும் கேட்டார். துடைத்துவிட்டேன் என்றேன் பெருமையாக. துடைக்காததைப் போடச் சொன்னார்.

3. ஐம்பது

போட்டேன். திரையில் இரைச்சலின் கோடு ஐம்பத்தாறில் நின்றது.

நம் ஊர்க் கரண்ட் வரும், போகும். வந்தால் விநாடிக்கு ஐம்பது சைக்கிள்தான், அதன் இரைச்சலும் அதே ஐம்பதில்தான் நிற்க வேண்டும். கொஞ்சம் இறங்கலாமே தவிர ஐம்பத்தாறுக்கு ஏறாது. காப்பி எடுத்த டெக்கில் பெல்ட் தளர்ந்து மெதுவாக ஓடியிருக்கிறது. ஆகவே நல்ல டெக்கில் போட்டால் பாட்டு வேகமாக ஓடுகிறது. சுருதி ஒரு முழுக் கட்டை ஏறிவிட்டது. இதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியைத்தான் நான் முதலில் துடைத்திருந்தேன்.

கோடு ஐம்பதில் நிற்கும் வரை வேகத்தைக் குறைத்தேன். மேண்டலின் சாதாரண கிடாராக ஆனது. தபலா தன் இயல்புக்கு வந்தது. கீச்சுக் குரல் போய், ஒரு பெண்ணின் நிறைந்த குரல் வந்தது.

"இதுதானுங்க நானு" என்றார் சரசக்கா.

மறுநாள் கிடாரும் வேறு தபலாவும் வைத்து, ஐந்து கட்டையில் பாடினார். முதல் டேக்கே ஓகே. மேல் வரியில் அவர் கண்ணை மூடக்கூட இல்லை. எல்லாம் வால்வு மைக்கின் மகிமை என்றார் ரமேஷ். அன்று அந்த மைக்கை நான் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

பஸ் ஏற்றிவிடப் போனேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. படியில் கால் வைத்தபடி அவரே சொன்னார்: "நேத்து அப்படியே போயிருந்தா, என்ற கொரல் போச்சுன்னு சாவற வரைக்கும் நெனச்சுட்டு இருந்திருப்பேனுங்க."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். பழைய கேசட் வந்தால் இரைச்சலைத் துடைக்காதீர்கள், முதலில் அதன் எண்ணைப் பாருங்கள். பாடுகிறவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு. எனக்கு அப்புறம் ஒருமுறையும் அதைச் சொல்ல வேண்டி வரவில்லை.