இருமல் நீக்கிய பிரதி

மத்தியானம் மூன்றரை மணிக்கு, அவள் காதில் ஓடிக்கொண்டிருந்த கணவரின் குரல்பதிவு நின்று போன் அடித்தது. திரையில் அவர் பெயர்தான்.

"இருமலுக்கு மருந்து வாங்கினீங்களா, இல்லையா?" என்றாள், எடுத்த எடுப்பில்.

"அண்ணி, நான் எலக்ட்ரீஷியன் பேசறேன். அண்ணன் மேல மெஷின் ரூமுக்குப் போனாரு. கூப்பிட்டுப் பாத்தோம், பதில் இல்ல..." "நெஞ்சுவலின்னு சொல்லுய்யா" என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலையிடத்தில் 'கயிறு' என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்டுக்குக் கயிறு மாற்றுவதில் கெட்டிக்காரர், திரிப்பதில் அதைவிட. ஓய்வு பெறுவதற்குள் தன் வாழ்க்கையைப் புத்தகமாக்கிவிட வேண்டும் என்று ஆசை. எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசி அனுப்புவார். அவள் வீட்டில் கேட்டுக் கணினியில் அடிப்பாள். இருவர் போனிலும் இடம் போதாது. அடித்து முடித்ததை அழித்துவிடுவது என்று ஏற்பாடு.

அவள் இலக்கியம் படித்தவள். 'வந்து', 'என்ன சொல்ல வந்தேன்' எல்லாவற்றையும் களைவாள். 'பேந்தப் பேந்த முழிச்சேன்' என்று அவர் சொன்னது 'செய்வதறியாது திகைத்தேன்' ஆகும். படித்துக் காட்டினால் அவருக்கு ஒன்றும் புரியாது.

"ஏய், இது நானா? மந்திரி பேசற மாதிரி இருக்கே."

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பின், மகள் அந்தப் பக்கங்களைப் படித்தாள். பாதியில் வைத்துவிட்டாள்.

"அம்மா, இது யாரு? அப்பா என்னைக்கு 'இயலவில்லை'ன்னு சொன்னாரு?"

"புத்தகம்னா அப்படித்தானேடி."

"பேசினதெல்லாம் எங்கம்மா?"

"அழிச்சாச்சு."

"எல்லாத்தையுமா?"

"அடிச்சு முடிச்சதைத்தான்."

மகள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று தாய்க்குத் தோன்றியது.

மிஞ்சியது ஒரே ஒரு பதிவு. மகள் பிறந்த அன்று நடந்த கதை. இதையாவது அவர் பேசினபடியே, கொச்சையும் தடுமாற்றமுமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தாள். அவர் 'அப்புறம்' என்றார். விரல் 'பின்னர்' என்று அடித்தது. அழித்துத் திருத்தினாள். அடுத்த வரியிலும் அப்படியே. எத்தனை கவனமாக இருந்தாலும் அவரை முந்திக்கொண்டு அவளுடைய தமிழே வந்து நின்றது. அவர் இருமினார்.

"ஏய், இந்த இருமலை எழுதிடாதே. படிக்கிறவனுக்குத் தொத்திக்கும்."

அங்கே நிறுத்தினாள். முடித்தால் அழித்துவிடுகிற கை அது. அதை நம்ப அவளுக்குத் துணிவில்லை.

அந்தக் கதையில், ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோய், அவர் உள்ளே மாட்டிக்கொண்ட இடம் வரைக்கும்தான் அடித்தாகியிருக்கிறது.